தறப்பாள் கட்டிய விறகு

துன் ஏரிக்கு மேலே, பேருந்து கடைசியாகத் திரும்பிப் போகும் ஊரில் நாங்கள் வாங்கியது ஒரு பழைய மரவீடு. என் கணவருக்கு ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதி. கோடையில்தான் வீட்டைப் பார்க்கப் போனோம். ஜன்னலைத் திறந்தால் கீழே ஏரி, எதிரே மலை. குளிர்காலத்தில் இந்த வீடு எப்படியிருக்கும் என்று கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேரும் மலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

முதல் பனிக்காலத்திலேயே விளங்கிவிட்டது. சுவரோரத்து மின்சாரக் கணப்புகள் மின்சாரத்தைக் குடித்தன, சூட்டை மட்டும் தரவில்லை. வீட்டுக்குள்ளேயே காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தோம். நாங்கள் இரண்டு பேர் என்றால் எப்படியோ சமாளித்திருப்போம். ஆனால் வந்த சித்திரையில் மகள் தொலைபேசி எடுத்துத் தான் பிள்ளைத்தாச்சி என்றாள். கார்த்திகையில் பிள்ளை பிறக்குமாம்.

மகள் இந்த நாட்டில் பிறந்தவள். கணவனோடு சோலோதுர்ன் நகரில் இருக்கிறாள். முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். முப்பத்தொன்றாம் நாள் துடக்குத் தீட்டுக் கழியும் வரைக்கும் தாயையும் பிள்ளையையும் தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். மிளகு, சீரகம், மஞ்சள் என்று சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைப்பார்கள், இலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பார்கள். அவள் பிறந்தபோது எனக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்கள் அகதி முகாமில் ஒரு அறையில் இருந்தோம், என் அம்மா கடலுக்கு அப்பால். ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி தந்த தேநீர்தான் என் பத்தியம். என் மகளுக்காவது நான் எல்லாம் செய்துபார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்தே மனதில் கிடந்தது. அதை மறைக்காமல் அவளிடம் சொல்லிக் கெஞ்சினேன்.

"அம்மா, எனக்கு வர விருப்பம்தான்," என்றாள். "ஆனா போன கிறிஸ்மஸுக்கு உங்கடை வீட்டிலை ஜாக்கெட்டோடை இருந்தெல்லோ சாப்பிட்டனாங்கள். அந்தக் குளிருக்கை பிள்ளையைக் கிடத்தேலாது. வீடு சூடா இருந்தா வாறன். இல்லாட்டி நீங்கள் இஞ்சை வாங்கோ."

அவளுடைய இரண்டு அறை வீட்டில் மருமகனின் சைக்கிளுக்கும் சோபாவுக்கும் நடுவில் நான் எங்கே சரக்கு அரைப்பது? எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால் கோபத்தை என் கணவரிடம் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, உங்கடை மலையைப் பாத்து வாங்கின வீட்டிலை உங்கடை பேரப்பிள்ளைக்கு இடமில்லையாம்."

"அடுப்பு வைப்பம்," என்றார். "விறகு அடுப்பு. இந்த ஊரிலை எல்லாரும் அதுதானே வைச்சிருக்கினம்."

மனிசன் சொன்னால் செய்வார். ஊராட்சிக் கந்தோரில் அனுமதி கேட்டு, அடுப்புக் கடையில் நாள் குறித்து, வைகாசி பிறக்கும் முன்னரே விறகுக்கும் ஒழுங்குபண்ணிவிட்டார். மேலூர்க் கமக்காரர் ஒருவர் டிராக்டரில் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார். எல்லாம் பீச் என்ற காட்டு மரம், பிளந்தது. "பாதிதான் காய்ந்திருக்கிறது. இன்னும் ஒரு கோடைக் காற்று பட்டால் எரிக்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேருமாக வேலிக்கரையில் அடுக்கினோம். அடுக்கி முடித்த கையோடு என் கணவர் நிலவறைக்குள் இறங்கி, மழைத்தண்ணீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பான தறப்பாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

தறப்பாள் விஷயத்தில் அவரோடு கதைத்துப் பலனில்லை. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு மாரி முழுவதும் அவருடைய தாய், சகோதரங்கள் என்று அத்தனை பேரும் ஒரேயொரு தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள். "அந்த அடி மழையிலை ஒருத்தரும் நனையேல்லை" என்று இன்றைக்கும் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் பகிடி பண்ண வாய் வராது. எங்கள் வீட்டில் சைக்கிள், தோட்டத்துக் கதிரை, இறைச்சி வாட்டும் அடுப்பு எல்லாம் தறப்பாளுக்குள்தான் இருக்கின்றன. நான் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் எனக்கும் ஒன்று கட்டிவிடுவார்.

விறகைத் தலையிலிருந்து அடிவரைக்கும் சுற்றினார். நான் கயிற்றின் மறுநுனியைப் பிடித்தேன். நாலு பக்கமும் இழுத்து, ஓரத்தில் கல் வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் முடிச்சுப் போட்டார். காற்றுப் பட வேண்டும் என்றெல்லோ விறகு தந்த மனிசன் சொன்னது என்று கேட்டேன்.

"காத்துப் பட்டா மழையும் படும்," என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் மாரி வருமுன் விறகை நனையாமல் மூடுவதுதானே வேலை. கோடை முழுவதும் மழை பெய்யும்போதெல்லாம் ஜன்னலால் எட்டிப் பார்த்து, விறகு பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தேநீர் குடித்தோம்.

ஐப்பசியில் அடுப்புப் பொருத்த இரண்டு பேர் வந்தார்கள். முதலில் பழைய புகைபோக்கிக்குள் கூரையிலிருந்து உருக்குக் குழாய் ஒன்றை இறக்கினார்கள். பலகைத் தரையில் தணல் விழாதபடி கண்ணாடித் தகடு போட்டு, மரச்சுவரிலிருந்து எட்டவாகக் கறுத்த இரும்பு அடுப்பை நிறுத்தினார்கள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பிறகு புகைபோக்கி துடைக்கும் அதிகாரி வந்து சோதித்து, எரிக்கலாம் என்று கையெழுத்து வைத்தார். கறுப்பு உடுப்போடு அவர் வாசலில் வந்து நிற்பதையே இந்த நாட்டில் நல்ல சகுனம் என்பார்கள். கேட்கவா வேண்டும், நான் அவருக்கு இரண்டு தரம் கைகொடுத்தேன். அவர் போன பிறகு அடுப்புக்கு மூன்று குறி திருநீறு பூசிப் பொட்டு வைத்தேன். என் கணவர் வாசலில் தேங்காய் உடைத்தார். பிறகு தறப்பாளின் ஒரு மூலையை அவிழ்த்து, ஒரு கூடை விறகு எடுத்து வந்து நெருப்பு மூட்டினார்.

விறகு சீறியது. வெட்டுமுகத்தில் நுரை தள்ளித் தண்ணீர் கொப்பளித்தது. சுவாலை எழும்பவில்லை, புகைதான் எழும்பியது. பால் ஒரு கொதி கொதிக்கும் நேரத்துக்குள் கண்ணாடிக் கதவு தார் பூசியதுபோலக் கறுத்துவிட்டது. அடுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். என் கை அதைவிடச் சூடாக இருந்தது.

அப்போதுதான் கதவைத் தட்டினார் பக்கத்து வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர், தனியாள். நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் அவருடைய கணவர் இறந்தார். அவருக்கும் எனக்கும் அவ்வளவு வாரப்பாடு இல்லை. வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், உடுப்புக் காயப்போடக் கூடாது என்று வேலிக்கு மேலால் எனக்குச் சொல்ல வந்தவர். கிழமை முழுவதும் ஊரார் உடுப்பைத் தோய்க்கிற எனக்கு! இப்போது புகைக்குச் சண்டை பிடிக்க வருகிறார் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. கூடையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொம் என்றது. ஈரம் என்றார். நேரே முற்றத்துக்குப் போய்த் தறப்பாளை உயர்த்தினார். உள்பக்கமெல்லாம் நீர் முத்துமுத்தாக வேர்த்திருந்தது. கட்டைகளில் வெள்ளைப் பூஞ்சணம். பழைய நிலவறை மணம் குப்பென்று அடித்தது. இந்த முடிச்சுகளை யார் போட்டது என்று கேட்டார்.

என் கணவர் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அந்த மாரியைப் பற்றிச் சொன்னார். தறப்பாளுக்குக் கீழே யார் யார் இருந்தார்கள் என்றும், மகள் பிள்ளைப்பேற்றுக்கு வர இருக்கிறாள் என்றும் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து, "ஆட்களுக்கு அது சரி. மரம் தனக்குள் இருக்கும் தண்ணீரை எந்த வழியால் வெளியே விடும்?" என்றார். எப்போது பிள்ளை பிறக்கும் என்றும் கேட்டார். இரண்டு கிழமை என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் கணவர் தறப்பாளைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஏசத்தான் வாயைத் திறந்தேன். அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

தெரிந்த விறகுக்காரர்களையெல்லாம் கேட்டோம். காய்ந்த விறகு இந்தப் பருவத்துக்கு முடிந்துவிட்டது என்றார்கள். கடையில் வலைப்பைக்குள் விற்கும் விறகு ஒரு பின்னேரத்துக்குக் காணாது. மகளுக்கு என்ன சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்தோம். அவள் அங்கேயே இருக்கட்டும், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். அரைக்க வாங்கி வைத்த சரக்கை நான் அலுமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா வண்டி நிறைய விறகோடு எங்கள் வாசலில் நின்றார். அது எந்த விறகு என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவர் வீட்டுத் தெற்குச் சுவரில், கூரை வெளியே நீண்டிருக்கும் இறப்புக்குக் கீழே, நூல் பிடித்ததுபோல் அடுக்கியிருந்த விறகு. நாங்கள் வந்த நாளிலிருந்து அதில் ஒரு கட்டை குறைந்ததை நான் பார்க்கவில்லை. அவர் எரிப்பதெல்லாம் பின்பக்கக் கொட்டிலிலிருந்துதான். அது ஊருக்குக் காட்ட வைத்த அழகு அடுக்கு என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

"இது என் கணவர் கடைசியாகப் பிளந்தது," என்றார். "எனக்கு எரிக்க மனம் வரவில்லை. ஆனால் விறகு எரிக்கத்தான். பிள்ளைக்கு என்றால் அவர் மறுத்திருக்க மாட்டார்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, கொஞ்சம் விறைத்துப்போனார். பிறகு மற்றக் கையால் என் தோளைத் தட்டி, இப்படி அழுதுகொண்டு நின்றால் வண்டியை யார் இறக்குவது என்று கேட்டார்.

மூன்று பேருமாக அந்தச் சுவரோரத்து அடுக்கைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொண்டுவந்தோம். கட்டைகள் கையில் கனக்கவில்லை. ஒன்றோடொன்று பட்டால் கணீர் என்றன. என் கணவர் ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் ஓடிய வெடிப்பைத் தடவிப் பார்த்துத்தான் வைத்தார். அன்று மூட்டிய நெருப்புக்குச் சீறல் இல்லை, புகை இல்லை. சுவாலை கண்ணாடிக்குள் மஞ்சளாக நின்றது. மரச்சுவர்கள் சூடேறி ஒரு மணம் விட்டன. இந்த வீட்டுக்கு அப்படி ஒரு மணம் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தோம்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பிள்ளையோடு வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றினாள். சுவெட்டரையும் கழற்றினாள். நான் சரக்கு அரைத்தேன், பத்தியக்கறி வைத்தேன், இலை அவித்துக் குளிக்க வார்த்தேன். அடுப்பின் முன்னால் காலை நீட்டி இருந்து, பேத்தியைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்தேன். வெறும் மேலோடு கிடந்து அவள் கொட்டாவி விட்டாள்.

"அம்மா, வேர்க்குது," என்றாள் மகள். "ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டோ?"

என் வாழ்நாளில் இதைவிட நல்ல சொல் நான் கேட்டதில்லை. ஓம் பிள்ளை, நல்லாத் திற என்றேன்.

முப்பத்தொன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்தோம். மோதகம் இரண்டு சாப்பிட்டார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு அடுப்பின் முன்னால் இருந்தார். கூடையில் கிடந்த கடைசிக் கட்டைகளில் ஒன்றை எடுத்துத் தானே அடுப்புக் கதவைத் திறந்து வைத்தார். அது பற்றும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றிய பிறகு பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்றார்.

பனி கரைந்ததும் என் கணவர் அவரிடம் போய் விறகு அடுக்கத் தெற்குச் சுவரைக் கேட்டார். எங்கள் பூஞ்சண விறகையெல்லாம் தூரிகையால் துடைத்து, கட்டைக்குக் கட்டை இடைவெளி விட்டு, அவர் வீட்டுக் கூரை இறப்புக்குக் கீழே அடுக்கினார். சுவர் பழையபடி நிறைந்தது. காய்ந்து முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று நான் கேட்டேன். இன்னும் ஒரு கோடை, ஒருவேளை இரண்டு என்றார் அந்த அம்மா. அதுவரைக்கும் தான் இருக்க வேண்டுமே என்று சிரித்தார்.

"இருப்பியள்," என்றார் என் கணவர், தமிழில்தான். "இது உங்களுக்குத்தான்."

அந்தக் கிழமையே சரிவாக ஒரு மழை பிடித்தது. ஜன்னலால் பார்த்தேன். தறப்பாளை இடுக்கிக்கொண்டு என் கணவர் வேலியைத் தாண்டிப் போனார். அடுக்கின் முன்னால் நின்றார். சாரல் கட்டைகளின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தறப்பாளை விரித்துத் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மூடேல்லையோ?" என்று கேட்டேன்.

"நனையட்டும்," என்றார். "காத்து வரும்."