துர்காதேவியின் கடைவாய்ப் பல்

காரைக்குடியில் பல்லைப் பிடுங்கிய கையோடு துர்காதேவியே வண்டியை ஓட்டிக்கொண்டு மானகிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பக்கத்து சீட்டில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கணவன் வேல்பாண்டி.

திருப்பத்தூரில் காய்கறி ஏற்றிக் காரைக்குடிக் கடைகளில் இறக்குவது அவள் தொழில். வண்டி சொந்தம்; குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. பொம்பளை ஓட்டினால் தக்காளி நசுங்கிப்போகும் என்று ஆரம்பத்தில் சிரித்த கடைக்காரர்கள், இப்போது அவள் ஹாரன் கேட்ட பிறகுதான் ஷட்டரைத் தூக்குகிறார்கள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிக்கொள்ளும்வரை அவள் ஒரு லோடைக்கூட விடவில்லை.

"அக்கா, பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. காறித் துப்பாதீங்க. இன்னைக்கு வாய் கொப்பளிக்கவே கூடாது. பேச்சையும் கொறைச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார் பல் டாக்டர் சுபா.

"கொறைச்சுக்கிருவா" என்றான் வேல்பாண்டி. அவன் சொன்ன விதத்தில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

மதியம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பஞ்சை எடுத்தாயிற்று, ரத்தம் நின்றுவிட்டது. துண்டில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். வேல்பாண்டி அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் போன் அடித்தது. அவள் வீடு வந்ததும் வண்டியை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பதிலாக லோடு ஏற்றப் போயிருந்த பையன் மாயக்கண்ணன், காரைக்குடியில் வழி தெரியாமல் நின்றான்.

"அங்குட்டுப் போகாதடா, ரோட்டைத் தோண்டிப் போட்டுருக்கான். இங்குட்டு ரைட்டுல திரும்பு. மொதல்ல வெங்காயத்த எறக்கு, அப்பறந்தான் தக்காளி."

கடைசிக் கடைவரை அவனை வாயாலேயே ஓட்டிக் கொண்டுபோய் விட்டாள். பேசி முடித்ததும் வாயெல்லாம் பிசுபிசுத்தது. பழக்கதோஷத்தில் கொல்லைக் குழாயடிக்குப் போய் நன்றாகக் கொப்பளித்துத் துப்பினாள். தொட்டி சிவந்தது. இன்னொரு தரம் துப்பினாள். இன்னும் சிவந்தது.

கஞ்சியோடு வந்த வேல்பாண்டி அதைப் பார்த்தான். மஞ்சுவிரட்டில் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்கிய ஆள். கிண்ணம் கையிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் படுத்துவிட்டான்.

துர்காதேவிக்கும் ஒரு கணம் திக்கென்றது. ஆனால் டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவளுக்கு உடம்போடு ஊறிய பாடம். கையைக் கழுவினாள். டாக்டர் கொடுத்திருந்த புதுப் பஞ்சை மடித்துப் பல் இருந்த குழியில் வைத்து அழுத்திக் கடித்தாள். பிறகு புருஷன் முகத்தில் தண்ணீர் தெளித்து, காலுக்கடியில் தலையணையைக் கொடுத்து உயர்த்தினாள். அவன் கண் திறந்ததும் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, பேசச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"டாக்டரம்மா, ரத்தம் நிறைய வருது தாயி" என்றான், படுத்தபடியே.

"பயப்படாதீங்க. பஞ்சை வச்சுக் கடிக்கச் சொல்லுங்க, அரை மணி நேரம். நிமிந்து உக்காரணும்."

"அதெல்லாம் அவ செஞ்சுட்டா."

"அப்ப சரி. அதுக்கும் நிக்கலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க. உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

"நான் கீழ கெடக்கேன் தாயி."

துர்காதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சு நழுவிவிடக் கூடாதே என்று தாடையை இறுக்கிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

ரத்தம் நின்றது. மறுநாளிலிருந்து அவள் டாக்டர் சொன்னபடி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்திருந்து, துப்பாமல், தானாக வழியவிட்டாள். மாயக்கண்ணன் போன் செய்தபோது வேல்பாண்டியே எடுத்து வழி சொன்னான். வீக்கம் வடிந்ததும் அவள் சாவியை எடுத்தாள். அவன் தானும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டான்.

லோடு இறக்கித் திரும்பும் வழியில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கும் எடது பக்கம் ஒண்ணு வலிக்குது. போன மாசியிலேருந்து."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

அவன் இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நான் பக்கத்துலயே இருப்பேன். நீங்க கண்ண மூடிக்கிட்டு வாயை மட்டும் தொறந்தாப் போதும்" என்றாள் துர்காதேவி. இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை டாக்டர் சுபாவின் தெருவுக்குள் திருப்பினாள்.