பாடு விட்டார்

பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் யாரும் அம்பிகாவிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்ததில்லை. முதல் பாதியைச் சொல்வது பேசுகிறவர் வேலை. வினைச்சொல்லைப் போட்டு முடிப்பது அவள் வேலை. "படகு இன்னும்..." என்று ஒருத்தி இழுத்தால், "வரல" என்பாள். "இந்த வெயில்ல இறாலு..." என்றால், "நாறிப்பூடும்" என்பாள். பக்கத்து வீட்டு வைஷ்ணவி பாவாடை கட்டிய வயதிலிருந்து இதைப் பார்த்துவருகிறாள்.

அம்பிகா போடும் வினை தப்பிப்போவதும் உண்டு. இறால் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒருநாள் மஞ்சு, "எங்க மாமியாரு நேத்து..." என்று ஆரம்பித்ததும், "போய்ச் சேந்துட்டாங்களா!" என்று தலையில் கை வைத்துவிட்டாள். உடன் இருந்த பெண்கள் இறாலைப் போட்டுவிட்டு அழத் தயாரானார்கள். மாமியார் திருப்பாலைவனம் கோயிலுக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். திரும்பி வந்த அந்த அம்மாள் அம்பிகாவை எதிரில் கண்டபோதெல்லாம் வைதார்.

அப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தவறியிருந்தாள். அது பழைய கதை. கல்யாணம், பிள்ளை, கொட்டகை என்று வருடங்கள் போயின. பிறகு ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியானது. பத்தாவது தேறியிருக்க வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த ஒரு தடவையை விட்டால் கொட்டகைதான், ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகும் வேலைதான். தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு வைஷ்ணவியிடம் வந்து உட்கார்ந்தாள்.

வைஷ்ணவி அந்தத் தெருவின் முதல் பட்டதாரி. அரசுத் தேர்வுகளைத் திரும்பத் திரும்ப எழுதி, இன்னும் எதிலும் தேறாதவள். தானே கரையேறாமல் இன்னொருத்திக்குக் கை கொடுக்கலாமா என்ற கூச்சம் அவளுக்கு இருந்தது. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. எந்தப் பெயருக்கு எந்த வினை என்ற மரபு வினைப் பாடத்தில் தொடங்கினாள்.

"கூடை?"

"முடைஞ்சான்."

"சுவர்?"

"எழுப்பினான்."

"வலை?"

"எந்த வலை? கட்டுறதா, வீசுறதா?"

"அத்தை, புஸ்தகத்துல ஒரே வலைதான் கீது."

"அப்ப அந்தாளு வூட்ல பட்டினிதான்," என்று அம்பிகா சிரித்தாள். படிப்பு இந்த லட்சணத்தில்தான் நடந்தது. ஆனால் நடந்தது.

பரீட்சை பொன்னேரியில். துணைக்கு வைஷ்ணவியும் கிளம்பினாள். பாலம் கட்டி முடிக்காத காலம் அது. பழவேற்காட்டுக்குப் படகில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அன்று விடிந்தபோது துறையில் ஆள் ஏற்றும் படகு இல்லை. வைஷ்ணவியின் அப்பா கண்ணப்பன் மட்டும் தன் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவர் பாடு. பசியாவரத்தில் பாடு என்றால் முதலில் கஷ்டம் நினைவுக்கு வராது. ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக் கொடுக்கும் உரிமை அது. தன் முறை வந்த நாளில் போகாவிட்டால் போனதுதான்; சுற்று மறுபடி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

"ண்ணா, படகுக்காரன் இன்னும்..." என்ற அம்பிகாவுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை.

"வரமாட்டான்," என்று கண்ணப்பன் முடித்தார். "எளாவூர்ல கல்யாணம். நேத்தே பூட்டான்."

அவர் வலையைப் பார்த்தார். அம்பிகா கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு வலையை வாரிக் கரையில் இறக்கினார்.

"நைனா, இன்னிக்கு உன் பாடாச்சே!" என்றாள் வைஷ்ணவி.

"எனக்குத் தெரியாதா? ஏறு."

நடுவழியில் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் தட்டியது. அவர் இறங்கித் தள்ளினார். தானும் இறங்க எழுந்த அம்பிகாவை அதட்டினார்: "உக்காரும்மா! பரீட்சைக்கு சேத்தோடயா போவ? மார்க்கு போட்றவன் மூக்கப் புடிச்சிக்குவான்."

பரீட்சை முடிந்து திரும்பும் பஸ்ஸில், அம்பிகா வினாத்தாளில் பென்சிலால் குறித்துவந்த விடைகளை வைஷ்ணவி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். 'அவர் பிறருக்காகப் பாடு ______.' பட்டார், விட்டார், போட்டார், எடுத்தார். அம்பிகா 'விட்டார்' என்று குறித்திருந்தாள்.

"இது இன்னா அத்தை? பாடுபட்டார்னுதான வரும்."

"காத்தால உங்க நைனா இன்னா பண்ணாரு? பட்டாரா, விட்டாரா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப எனக்குப் பாதி மார்க்கு."

"கேள்வி எழுதினவருக்கு எங்க நைனாவத் தெரியாது அத்தை."

அம்பிகாவின் முகம் சுருங்கியது. அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் வேலை போகப்போகிறதோ என்று பஸ் பழவேற்காடு சேரும்வரை விரல்விட்டு மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டே வந்தாள். வைஷ்ணவிக்கு வேறொரு யோசனை. தான் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'பட்டார்' என்று குறித்திருப்போம், அது சரியும்கூட. ஆனால் அந்த நேரத்தில் நைனா நினைவுக்கு வந்திருப்பாரா? வினாத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

தேர்ச்சிக்குத் தேவையானதற்கு மேல் நான்கு மதிப்பெண் வந்தது. வேலையும் வந்தது. இப்போது அங்கன்வாடியில் வழக்கம் தலைகீழாகிவிட்டது. பாதி வாக்கியத்தை அம்பிகா சொல்கிறாள், மீதியைப் பிள்ளைகள் முடிக்கிறார்கள். "காக்கா வந்து..." என்றால், "மீனத் தூக்கிக்கினு பூடும்!" என்று கூரை அதிரும். அவள் கைதட்டுவாள்.

முதல் சம்பளத்தில் கண்ணப்பனுக்கு வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது தங்கச்சி குடுக்குற சீரு. நான் விட்ட பாட்டுக்கு ஈடு பாடுதான்."

அவள் வீட்டில் பாடு இல்லை. புருஷன் தேசப்பன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போனபோது தன் முறையை ஊருக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். இனி மகன் தமிழ்வேந்தன் கல்யாணம் முடித்து ஊரில் பேர் பதிந்தால்தான் உண்டு. அவனோ பொன்னேரியில் ஐ.டி.ஐ. படிக்கிறான். அவன் ஏரியில் இறங்காமல் இருக்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

கண்ணப்பன் கேலியாகத்தான் கேட்பார். சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் டீ குடித்தபடி, "உம் புள்ள பேரு பதிஞ்சான்னா, மொதப் பாட்ட எனக்கு..." என்று இழுத்து நிறுத்துவார். ஒரு சொல்தான் பாக்கி. வைஷ்ணவி அத்தையின் வாயையே பார்ப்பாள்.

"டீ ஆறுது ண்ணா," என்பாள் அம்பிகா.