முதலில் வந்த மூட்டை

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கோவில்பட்டிக்கு வெளியே, மல்லித்தூளும் மிளகாய் வத்தல்தூளும் அரைத்து மசாலா கம்பெனிகளுக்கு அனுப்பும் ஆலையில் ஸ்டோர் என் பொறுப்பு. ஸ்டோரில் இருப்பவள் எல்லாரையும் நம்பினால் குடோன் காலியாகிவிடும்.

போன வருஷம் நாங்கள் அனுப்பிய மல்லித்தூள் ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. வண்டு. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் தேதியும் நம்பரும் போட்ட சீட்டு ஒட்ட வேண்டும். முதலில் வந்த மூட்டைதான் முதலில் அரவைக்குப் போக வேண்டும். பழைய சரக்கு மூலையில் கிடந்து வண்டு வைப்பது அதோடு நிற்கும் என்றார்.

நிற்கவில்லை. இரண்டே மாதத்தில் புதுச்சரக்கிலும் வண்டு.

மல்லி விளைவித்துப் போடும் விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிகள் பழசைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே மூட்டையைப் பிரித்து உதறிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்படியானால் உள்ளே இருக்கிறவன் வேலை. லோடுமேன்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். உள்ளே போய்ப் பழசை இழுக்க முதுகு வலிக்கும். வாசலோரத்து மூட்டையைத் தூக்குவது சுலபம். சீட்டை மாற்றி ஒட்டிவிட்டுக் கிட்டத்து மூட்டையைத் தூக்குகிறார் என்று முடிவுகட்டினேன்.

என் மகளின் நகப்பாலிஷை எடுத்துப்போய், எல்லாரும் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில், சீட்டும் சாக்கும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். சீட்டைப் பிய்த்தால் புள்ளி இரண்டாகிவிடும். ஒரு வாரம் பார்த்தேன். ஒரு புள்ளியும் பிசகவில்லை. மனுஷன் கண்டுபிடித்துவிட்டான் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

எல்லாரும் நிற்கும்போது நேராகவே கேட்டேன். “அண்ணாச்சி, பழைய மூட்டைய எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?”

“ஒளிக்கதுக்கு அது என்ன பூனைக்குட்டியா தங்கச்சி? வண்டையும் நாந்தான் பெத்துப் போட்டேனா?”

மற்ற லோடுமேன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவர் சாமி படத்தின் பக்கம் கையைக் காட்டினார். “பழசுன்னா அந்தா இருக்கு, ஒண்ணாம் நம்பரு. அத என்னைக்குத் தூக்கச் சொல்லுதிய?”

வருஷத்தில் முதலில் வரும் மல்லி மூட்டைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, குடோனில் சாமி படத்துக்குக் கீழே நிறுத்திவிடுவோம். அடுத்த வருஷத்து முதல் மூட்டை வரும்வரை அதைத் தொட மாட்டோம். முதலாளியின் அப்பா காலத்துப் பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூ வைப்பவள் நான்.

“சாமிய இழுத்துத் தப்பிக்கப் பாக்காதிய. களவாணித்தனம் பண்ணுதது நீங்க” என்றேன். முதலாளியிடம் போய், இந்த ஆள் இருக்கும்வரை வண்டு போகாது என்றும் சொன்னேன். மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும்போது அவர் என்னிடம் “வாரேன் மேடம்” என்றார்.

மூன்று வாரத்தில் மறுபடியும் வண்டு. இப்போது சந்தேகப்பட ஆள் இல்லை.

திங்கட்கிழமைதோறும் கம்ப்யூட்டரிலிருந்து பழைய சரக்குப் பட்டியல் எடுப்பேன். வாராவாரம் முதல் வரியில் அதே ஒண்ணாம் நம்பர் மூட்டைதான் இருக்கும். அது சாமி மூட்டை என்று நான் இரண்டாவது வரியிலிருந்துதான் படிப்பேன். அன்றைக்கு முதல் வரியிலேயே நின்றேன். போய்க் காய்ந்த பூவை விலக்கி, சாக்கைச் சாய்த்தேன். மாவாகக் கொட்டியது. மாவு முழுக்க தவிட்டு நிறத்தில் வண்டு ஊர்ந்தது. புதுச்சரக்கை இறக்கி அடுக்குவது அதற்கு அடுத்த இடத்தில்தான். சாமி பார்வையில் இருக்கட்டும் என்று இடம் காட்டியவளும் நான்தான்.

அண்ணாச்சியின் ஊர் விளாத்திகுளம் ரோட்டில். பஸ் பிடித்துப் போனேன். ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று அவர் வீட்டம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் சந்தேகப்பட்டிருப்பேன்.

“வண்டு சாமி மூட்டையிலதான் இருந்திச்சு அண்ணாச்சி.”

“முதலாளிட்ட சொன்னியளா?”

“சொல்லிட்டேன்.”

“அத நான் அன்னைக்கே காட்டுனேன்னு சொன்னியளா?”

“அத மட்டும் சொல்லல.”

“அப்பம் எனக்கு இன்னும் களவாணிப் பேருதான மேடம்? அத்தனை பேரு முன்னால வச்ச பேரு. அத்தனை பேரு முன்னால எடுங்க. பொறவு வாரேன்.”

மறுநாள் அரவை தொடங்குவதற்கு முன்னால் முதலாளியையும் லோடுமேன்களையும் மில் பெண்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது, அவர் காட்டியும் நான் பார்க்கவில்லை என்றேன். களவாணித்தனம் எதுவும் அவர் பண்ணவில்லை என்றேன். நகப்பாலிஷ் புள்ளி வைத்து வேவு பார்த்ததையும் மறைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார்.

இந்த வருஷம் முதல் மூட்டைக்குக் காலையில் பூஜை, மத்தியானம் அரவை. தூக்கியவர் அவர்தான். குனிந்தவர் சீட்டோரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குங்குமத்துக்குக் கீழே நகப்பாலிஷ் புள்ளி.

“இன்னுமா மேடம்?”

“இன்னுந்தான் அண்ணாச்சி. இந்த வருஷம் சாமி மூட்டைக்கும் சேத்து வச்சிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். தங்கச்சி என்று அவர் என்னை அப்புறம் கூப்பிட்டதே இல்லை.