கரடியை உள்ளே அனுப்பியவள்

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் எல்லாரும் அவளைப் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் தலைமை மாடலர். தன்னைச் சிற்பி என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சிற்பி கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்வார், எலும்பு பூட்டுவார், ஓடவும் பாயவும் வைப்பார். அவர் செய்ததைக் கோப்பாக வாங்கி, விளையாட்டை ஓடவைக்கும் கேம் என்ஜின் என்ற மென்பொருளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவள் வேலை. ஆறு வருஷமாக, ஏசித் தண்ணீர் சொட்டும் மூலையில், காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு.

சிற்பியின் கைவேலையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் கோப்பை அனுப்புகிற லட்சணம் இருக்கிறதே, கண்றாவி! அவருடைய மென்பொருளில் மேல் என்பது ஒரு திசை, என்ஜினில் வேறு திசை. அப்படியே போட்டால் நிற்கிற உருவம் மல்லாந்துவிடும். அளவு நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அசைவுகளை எலும்புகளில் பதிக்கவும் மாட்டார், அதனால் உருவம் விறைத்துக் கிடக்கும். இவள்தான் ஒவ்வொன்றையும் திறந்து, நிமிர்த்தி, அளவு திருத்தி, அசைவைப் பதித்து உள்ளே அனுப்புவாள். ஒரு குதிரைக்கு இரண்டு நாள் ஆகும். ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "என் ஃபைல்ல தப்பா?" என்று அவர் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள்.

போன கேம் வெளியான அன்று அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முடிவில் பெயர்கள் ஓடின. ஆபீசில் டீ கொடுப்பவர் பெயர்கூட வந்தது.

"உன் பேரு எங்கடி?"

"வேகமா போயிடுச்சும்மா."

அம்மா மறுபடி ஓடவிடச் சொன்னாள். மூன்று தடவை பார்த்துவிட்டு எழுந்து போனாள். இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெயர்ப் பட்டியல் போடுவது சிற்பிதான். மறுநாள் அவர் முன்னால் போய் நின்றாள். சுற்றிலும் பத்துப் பேர்.

"அடுத்த கேம்லயாவது என் பேரைப் போடுங்க சார்."

"உருவாக்குறவங்க பேரைத்தாம்மா போடுவாங்க. நீ பட்டன்தானே அழுத்துற? அப்படிப் பாத்தா லிஃப்ட்காரர் பேரையும்ல போடணும்!"

பத்துப் பேரும் சிரித்தார்கள். போதாக்குறைக்கு மாலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வேறு போட்டார்: 'இனிமேல் என் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. அனுப்புவதை அப்படியே உள்ளே போட்டால் போதும்.'

படித்ததும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இருய்யா, உனக்கு இருக்கு என்று கறுவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் கோப்பு ஒரு கரடி. நாலு மாதம் உட்கார்ந்து செய்தது, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும். கேமை வெளியிடப்போகிற கம்பெனிக்காரர்கள் பதினொரு மணிக்குப் பார்க்க வருகிறார்கள். கோப்பு வந்தது ஒன்பது மணிக்கு. திறந்து பார்த்தாள். மூன்று தப்பும் அப்படியே இருந்தன. பழக்கதோஷத்தில் கை திருத்தப் போனது. இழுத்துக்கொண்டாள். அப்படியே உள்ளே போட்டாள். என்ன பதில் வரும் என்று தெரிந்தேதான் ஒரு செய்தியும் அனுப்பினாள்: 'சார், ஒரு தடவை என்ஜின்ல பாத்துடுங்க.'

'உன் வேலையைப் பாரு' என்று பதில் வந்தது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பெரிய திரையில் காடு விரிந்தது. நாயகன் நடந்தான். மேசைத் தண்ணீர் அதிரும்படி ஓர் உறுமல் கேட்டது. கரடியைக் காணோம்.

"கரடி எங்கங்க?" என்றார் வந்தவர்களில் ஒருவர். இன்னொருவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கினார். நாயகனின் செருப்போரம் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பெரிதாக்கினார்கள். மல்லாக்கப் படுத்து, நாலு காலும் வானத்தைப் பார்க்க, விறைத்தபடி வழுக்கிக்கொண்டே வந்தது சிற்பியின் நாலு மாதக் கரடி. மறுபடி உறுமியது. வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிற்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு இதை உள்ள போட்டது?" என்று முதலாளி கத்தினார். அவள் போனை நீட்டினாள். சிற்பி குழுவில் போட்ட செய்தியையும் காலையில் அனுப்பிய பதிலையும் அவர் படித்தார்.

"அப்ப இத்தனை நாளா எல்லாம் எப்படி நின்னுச்சு?"

"நான் நிமித்தி வச்சேன் சார். அதான் நின்னுச்சு."

சிற்பி அவள் மூலைக்கு ஓடிவந்தார். "அவங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சரி பண்ணிடும்மா."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "பட்டன்தானே சார். நீங்களே அழுத்துங்க."

உட்கார்ந்தார். மவுஸ் திரை முழுக்க அலைந்தது. பின்னால் அதே பத்துப் பேர். ஏசிக்கு நேர் கீழே அவருக்கு வியர்த்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

"எந்தப் பட்டன்மா?"

"கேக்கல சார்."

"எந்தப் பட்டன்?"

"ஒண்ணு இல்ல சார். நாப்பத்தி மூணு."

வந்தவர்களைத் திங்கட்கிழமைக்கு வரச் சொன்னார் முதலாளி. கரடியை அவள்தான் நிமிர்த்தினாள். பட்டியலில் அவள் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவும் ஆனது. என்ன பதவி போடுவது என்று சிற்பியே வந்து கேட்டார்.

"டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்னு போட்டுடட்டுமா?"

"வேணாம் சார். நீங்க சொன்னதையே போடுங்க. பட்டன் அழுத்தியவர். உங்க பேருக்கு நேர் மேல."

கேம் வெளியான அன்று அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பெயர்கள் ஓடின. திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பட்டன் அழுத்தியவர்... இதென்னடி வேலை?"

"கீழ ஒருத்தர் பேரு இருக்கு பாரு, அவரைக் கேட்டா நல்லாச் சொல்லுவாரும்மா" என்றாள் மகள். பிறகு அவளாகவே இன்னொரு தடவை ஓடவிட்டாள்.