ஆற்றங்கரையில் ஒரு ஜோடி தண்டை

ஏழைகள் குடியிருந்த இடத்தில் புதையல் தேடுகிறவனுக்கு ஆணிதான் கிடைக்கும். இதை என் கொழுந்தனிடம் முதல் நாளே சொன்னேன். கேட்டால்தானே.

அவன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸின் டிரைவர். ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் வண்டியிலேயே படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பான். எவனோ ஒருவன் இடிந்துபோன வீடுகளைச் சுற்றி ஒரு மெஷினை ஆட்டிக்கொண்டே நடக்கிறான், அது கத்துகிறது, தோண்டினால் தங்கக் காசு. அதைப் பார்த்துவிட்டு இவனும் ஆன்லைனில் ஒன்று வரவழைத்துவிட்டான். நீளமான குழாய், கீழே தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டத் தட்டு, மேலே பிடியும் ஸ்விட்சும்.

“காஞ்சிபுரத்துல எங்க தோண்டினாலும் பல்லவன் காலத்துப் பொருளு கெடைக்கும் அண்ணி,” என்றான்.

“பல்லவன் நம்ம காலனிக்கு இன்னாத்துக்குப்பா வந்தான்? வந்திருந்தாலும் வெளியவே நின்னு பாத்துட்டுப் போயிருப்பான்,” என்றேன்.

வீட்டுக்குள்ளேயே வைத்து அதைச் சோதித்துப் பார்த்தான். பட்டுப் புடவைக் கடையில் புடவை மடிப்பது என் வேலை. வாங்க வந்தவர்கள் கலைத்துப் போட்டதைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். அதனால் ஜரிகையைப் பற்றி என்னிடம் எவரும் கதை விட முடியாது. அவன் என் கல்யாணப் புடவையை விரித்து அதன் மேல் மெஷினைக் காட்டினான். மூச்சுப் பேச்சில்லை.

“அண்ணி, இதுல வெள்ளியே இல்ல போலக்குது.”

“எனக்கு அது கட்டின அன்னிக்கே தெரியும். உங்க அண்ணன்தான் இன்னும் அசல்னு நெனச்சிக்கினு இருக்காரு.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டைத் தரைக்கு இறக்கியபோது அது என் காலருகே வந்து வீல் என்று கத்தியது. மெட்டி.

“இதாவது அசலா?” என்றான் கொழுந்தன்.

“பின்ன? உங்க அக்கா நம்ம பையனுக்குப் போட்டாங்களே வெள்ளி அரைஞாண், அத உருக்கிப் பண்ணது. பத்தர் பக்கத்துலயே குந்திக்கினு கண்ணெதிர உருக்க வச்சேன்,” என்றேன். மகன் வளர்ந்த பிறகு அந்த அரைஞாண் டப்பாவில் கருத்துக் கிடந்தது. கடையில் கொடுத்து மாற்றினால் எவன் வெள்ளியையோ தலையில் கட்டிவிடுவார்கள். நான் அந்த விஷயத்தில் யாரையும் நம்புவதில்லை.

அந்த மெஷின் கத்தியபோதுதான் எனக்கு அவள் நினைவு வந்தது. வந்தது என்று சொல்வதே பொய். போனால்தானே வருவதற்கு.

எங்கள் பழைய வீடுகள் ஓரிக்கைக்குச் சற்றுத் தள்ளி, பாலாற்றங்கரையில் இருந்தன. ஆற்றுப் புறம்போக்கு, காலி செய்யுங்கள் என்றார்கள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு தந்தார்கள். பழைய வீடுகளை இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள். அந்த வீட்டுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும், ஆற்றில் தண்ணீர் வந்தால் கூடவே பாம்பும் வரும். இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அந்த இடத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொல்லையில், முருங்கை மரத்தடியில், என் பெண் இருந்தாள்.

அவள்தான் முதல் குழந்தை. பல் முளைப்பதற்குள் ஜுரத்தில் போய்விட்டாள். பல் முளைக்காத பிள்ளையை எங்கள் வீடுகளில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வீட்டை ஒட்டியே புதைப்பார்கள், வழி மறக்காமல் அதே வயிற்றுக்குத் திரும்பி வரட்டும் என்று. பெற்றவள் குழிப்பக்கம் போகக் கூடாது. அவள் அழுகை பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிடுமாம். என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சாத்துவதற்கு முன் பார்த்தேன், துணிக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. அதில் என் அம்மா வீட்டில் போட்ட வெள்ளித் தண்டை. நான் கடைசியாகப் பார்த்தது அந்தத் தண்டையைத்தான்.

வருஷா வருஷம் அந்த நாளில் முருங்கை மரத்தடியில் பால் ஊற்றுவேன். யாரும் தடுத்ததில்லை. யாரும் கூட வந்ததும் இல்லை. அடுக்குமாடிக்கு வந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. இப்போது அங்கே கரையை உயர்த்தப் போகிறார்கள், லாரி லாரியாக மண் கொட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கொட்டிவிட்டால் அவள் மேல் ரோடு போகும். அதற்குள் அவள் கிடந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணாவது எடுத்துவந்து, எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து இடுகாட்டில் ஒரு மூலையில் போட வேண்டும். எனக்குப் பால் ஊற்ற ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கொழுந்தனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“எலும்பு இத்தினி வருசத்துல மண்ணாயிருக்கும் அண்ணி. வெள்ளி மக்காது. தண்டை இருக்கிற எடந்தான் பாப்பா இருக்கிற எடம். கண்டுபுட்சிரலாம், விடு,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வண்டியிலேயே கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து ஏறினார்.

இடத்தைப் போய்ப் பார்த்தால், தெரு எது, வீடு எது என்று ஒன்றும் புரியவில்லை. செங்கல் குவியல்களின் மேல் கருவேல முள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. முருங்கை இருந்த சுவடே இல்லை. பெற்ற பிள்ளையைப் புதைத்த இடம் தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்றால், அதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது.

கொழுந்தன் ஸ்விட்சைப் போட்டான். மெஷின் முதலில் என் காலைப் பார்த்துத்தான் கத்தியது.

“அண்ணி, அந்த மெட்டியக் கழட்டி வண்டில வச்சிட்டு வா. உன் காலையே காட்டிக்கினு இருக்குது.”

“புருசன் குத்துக்கல்லாட்டம் அங்க குந்திக்கினு இருக்கச்ச மெட்டியக் கழட்டச் சொல்றியா? அண்ணனுக்கு நல்லா செய்யிறப்பா மரியாத.”

“அப்ப தள்ளி நில்லு.”

தள்ளி நின்றேன். என் வீட்டுக்காரர் கருவேல மர நிழலில் உட்கார்ந்தபடியே பீடி பற்றவைத்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கிடைத்ததெல்லாம் ஆணி. விரல் நீளத்துக்கு, துருவேறிப்போன ஆணி. கொழுந்தன் சலித்துக்கொண்டு ஒன்றைத் தூக்கி வீசப் போனான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவை காலண்டர் மாட்டிய ஆணிகள் அல்ல. எங்கள் வீடுகளில் பிணத்தை எடுத்ததும், தலை இருந்த இடத்தில் தரையில் ஓர் ஆணி அடிப்பார்கள். செத்தவர் திரும்பி வந்து வீட்டைச் சுற்றக் கூடாது என்பதற்காக. இயந்திரம் சுவரைத்தான் தள்ளியிருந்தது, தரையைத் தோண்டவில்லை. ஆகவே அந்த மெஷின் ஒவ்வொரு வீட்டிலும் யார் எங்கே கிடத்தப்பட்டிருந்தார்கள் என்று கத்திக் கத்திச் சொன்னது.

எனக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆணி இருந்தால் அது அண்ணன் தம்பி இருவரும் குடித்தே செத்த மூலை வீடு. அதற்கு அடுத்து வேதக்காரர் வீடு. அவர்கள் ஆணி அடிப்பதில்லை, அங்கே மெஷின் ஊமையாகவே போயிற்று. அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிய சிலுவையாவது நிற்கிறது. அதற்கும் அடுத்ததுதான் எங்கள் வீடு. அங்கே தோண்டியபோது கிடைத்தது ஆணி அல்ல, ஒரு பழைய போல்ட். என் மாமியார் செத்த அன்று ஆணி அகப்படாமல் என் வீட்டுக்காரர் ஒரு போல்ட்டைத்தான் அடித்து இறக்கினார்.

கொழுந்தன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா,” என்றான். திரும்ப அதே குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினான்.

எனக்குப் போன உயிர் வந்தது. அங்கே தலைமாடு என்றால் இங்கே அடுப்பு, இது பின்வாசல், இதற்கு நேரே முருங்கை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். கால் தானாக நின்றது.

“இங்க வைப்பா,” என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டேன்.

வைத்தான். சத்தம் இல்லை. சுற்றிச் சுற்றி ஆட்டினான். ஒரு சோடா மூடி, நசுங்கிய எவர்சில்வர் டம்ளர், சாவியில்லாத பூட்டு. அவ்வளவுதான்.

“ஆழத்துல இருக்கும்பா. மேல மண்ணு சேந்துபோயிருக்கும். தோண்டினா கேக்கும்,” என்றேன். தோண்டினோம். கொஞ்சம் தோண்டுவது, மெஷினை வைப்பது, மறுபடி தோண்டுவது. வெயில் உச்சிக்கு வந்தது. ஒரு குழியில் இல்லை என்றால் பக்கத்தில் ஒன்று. அவனுக்குக் கை ஓய்ந்தபோது கடப்பாரையை நான் வாங்கிக்கொண்டேன்.

“வெள்ளத்துல போயிருக்குமோ அண்ணி,” என்றான் மெதுவாக.

“வாயக் கழுவு,” என்றேன்.

அந்த வாரம் கடையில் பட்டைத் தொட முடியவில்லை. கடப்பாரை பிடித்துக் கொப்புளம் உடைந்த தோல் இழையைப் பிடித்து இழுத்தது. மேனேஜர் பார்த்துவிட்டு என்னைக் காட்டன் புடவைப் பக்கம் அனுப்பினார். மடித்துக்கொண்டே யோசித்தேன். ஆறுதான் எடுத்துப் போயிற்றா. நாய் தோண்டியிருக்குமா. குழியை ஆழமாக வெட்டினார்களா, இல்லை அவசரத்தில் மேலோடு மூடிவிட்டார்களா. கேட்கக் கூடாத கேள்விகளையெல்லாம் அந்த வாரம் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் போனோம். கொல்லை முழுவதும் குழியாகிவிட்டது. கடைசிக் குழிக்குள் நானே இறங்கி, கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணை வாரினேன். கொழுந்தன் மெஷினைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்.

“போதும். ஏறி வா,” என்றார்.

“நீங்க போங்க.”

“அதுல ஒண்ணும் இல்ல.”

“இன்னா இல்ல?”

“தண்டை இல்ல. அன்னிக்கே கழட்டியாச்சு.”

நான் கையில் இருந்த மண்ணைக் கீழே போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்துச் சொன்னார். “புள்ள மேல உலோகம் இருந்தா மண்ணு விடாது, திரும்பி வந்து பொறக்காதுன்னு அக்காதான் குழிகிட்ட கழட்டிச்சு. அப்புறம் பையன் பொறந்தான். பாப்பாவே திரும்பி வந்துட்டான்னு அக்காவுக்கு அவ்ளோ சந்தோசம். அவ பொருளு அவகிட்டயே சேரட்டும்னு, கூட கொஞ்சம் வெள்ளி போட்டு, அதத்தான் அரைஞாணாப் பண்ணிப் போட்டிச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அப்ப இருந்த இருப்புல எப்படிச் சொல்றது. அப்புறம் சொல்ல வேண்டியதில்லன்னு இருந்துட்டோம். அதான் வந்துட்டாளே.”

அதனால்தான் பால் ஊற்ற எவரும் கூட வரவில்லை. அத்தனை பேரும் அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி மரத்தடியில் நின்றிருக்கிறேன். வந்தவன் என் மகன். தலைவலி என்றால் கேட்காமலே மாத்திரை வாங்கி வருவான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் அவன்தான். அவள் வரவில்லை. பெற்ற எனக்குத் தெரியாதா. திரும்பி வரக் கூடாது என்று ஆணி அடித்தவர்களையெல்லாம் அந்த மெஷின் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக் கொடுத்தது. திரும்பி வா என்று விட்ட ஒருத்தியின் மேல் ஒரு குண்டூசியைக்கூட யாரும் விட்டுவைக்கவில்லை. இனி எந்த மெஷின் வந்தாலும் அவள் அகப்பட மாட்டாள். லாரி மண் கொட்டட்டும், ரோடு போகட்டும், என்னால் செய்ய ஒன்றும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிவிடக் கொழுந்தன் குழிக்குள் குனிந்தான். கையில் மெஷின் அணைக்கப்படாமலே இருந்தது. தட்டு என் கால் பக்கம் இறங்கியதும் அது வீல் என்று கத்தியது.

“அண்ணி, மெட்டி,” என்று பழக்கத்தில் சொன்னவன் பாதியில் நின்றுவிட்டான்.

நானும் குனிந்து பார்த்தேன். பத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அரைஞாணை உருக்கி, ஒரு குன்றிமணி வெள்ளிகூட வெளியே போகாமல் காவல் காத்துச் செய்துகொண்ட மெட்டி. முதல் நாளிலிருந்து அது இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான்தான் தள்ளித் தள்ளி நின்றேன். கழட்டி அந்தக் குழியிலேயே போட்டு மூடிவிடலாம் என்றால், புருஷன் எதிரில் நிற்கிறார். காலை நகர்த்த எனக்குத் தோன்றவில்லை. மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர்தான் குழிக்குள் இறங்கி ஸ்விட்சை அணைத்தார்.