அடுப்பு எரிந்தால் வீடு

ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தால் முதலில் தேய்வது நம்ம செருப்புதான்.

கையில் அட்டையும் பேனாவுமாக அடுத்தவர் வாசலில் நின்று, "உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டு, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தக் கண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்லுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுனில் எனக்கு இந்த வேலை. சமுதாய அமைப்பாளர் என்று பதவிக்குப் பெரிய பேர். வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஊருக்குள்ளேயே வேறு இடத்தில் காலனி கட்டித் தருவதாகத் திட்டம். கரையைக் காலி பண்ணியாக வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு வீடு. வராதவர்களுக்கு வீடும் இல்லை, கரையும் இல்லை. யாரெல்லாம் கணக்கில் வருவார்கள் என்று பார்க்கிற பாவம் என் தலையில் வந்து விழுந்தது.

நான் டீச்சர் இல்லை

தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பொம்பளை வந்தால் வாய்க்கால் கரையில் அவள் டீச்சர்தான். முதல் நாள் நான் கால் வைத்ததுமே, "டீச்சர் வந்துட்டாவ!" என்று பிள்ளைகளெல்லாம் ஓடி ஒளிந்தன. "நான் டீச்சர் இல்ல, வீட்டு விஷயமா வந்திருக்கேன்" என்று கத்தினேன். உடனே பெரியவர்களும் ஒளிந்துகொண்டார்கள். வீட்டு வரி என்று நினைத்துவிட்டார்களாம். ஓலைக் குடிசைக்கு எவன் வரி போடுவான்? தொண்டை கிழியக் கேட்டுப் பார்த்தேன். ஒரு குஞ்சு வெளியே வரவில்லை.

ஓடாமல் உட்கார்ந்திருந்தவள் இசக்கி ஒருத்திதான். அவள் மடியில் சொளவு, அதான் முறம், அதில் பீடி இலையும் தூளும். எழுந்தால் எல்லாம் சிந்திவிடும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிக்கூடம் போகிற மகளோடு கரையிலேயே ஆகத் தாழ்ந்த குடிசையில் இருந்தாள். ஐப்பசி மழை பிடித்தால் வாய்க்கால் முதலில் எட்டிப் பார்ப்பது அவள் வீட்டைத்தான். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் பண்ணிய கேள்வியை அவளிடம் கேட்டேன்: "உங்கள் குடியிருப்பின் முதன்மையான தேவை என்ன?" கை அது பாட்டுக்குப் பீடி சுற்ற, அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணி வீட்டுக்குள்ள வரக்கூடாது டீச்சர். குடத்துக்குள்ள வரணும்."

அட்டை வீடு

எங்கள் இன்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷன், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார். காலனி எப்படி இருக்கும் என்று காட்ட அட்டையிலேயே வீடுகள் செய்து, பஞ்சில் மரம் ஒட்டி, ஒரு மேஜை நிறையக் கொண்டுவந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஒரு ஆடு வந்து பஞ்சு மரத்தை மோந்து பார்த்ததிலேயே பாதி நேரம் போயிற்று. மிச்ச நேரம் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அங்கணம் எங்கே? பாத்திரம் எங்கன கழுவ? கோழியை எங்கன அடைக்க? அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு இசக்கி மெதுவாக, "நாங்க பீடி சுத்துத இடம் எது?" என்று கேட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குத்தானுங்க சமுதாயக் கூடம்!" என்று கடைசி அட்டையைத் தொட்டுக் காட்டினார். கூடத்துக்குப் பூட்டு உண்டா என்றாள். உண்டுங்க என்றார். சாவி யாரிடம் இருக்கும் என்றாள். ஆபீசில் இருக்கும் என்றார், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அப்பம் கூடத்தை ஆபீசே வச்சிக்கிடட்டும். எங்களுக்கு வளவு மாதிரி எதிரும் புதிருமா வீட்டைக் கட்டி, நடுவுல முத்தத்தை விடுங்க. பீடியும் சுத்துவோம், பிள்ளையளையும் பாத்துக்கிடுவோம்."

மூன்றாவது அடுப்பு

மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. ஒரு கூரைக்குக் கீழே எத்தனை பேர் இருந்தாலும் சரி, தனி அடுப்பு இருந்தால்தான் தனிக் குடும்பம். அடுப்புக்கு ஒரு வீடு. எந்த மகராசன் யோசித்தானோ! நான் ஆபீசில் கேட்டுவிட்டு வெளியே வருவதற்குள் அது வாய்க்கால் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரெண்டு நாளில் டவுனில் மண்ணடுப்புக்குத் தட்டுப்பாடு. அதுவரை ஒற்றுமையாய் இருந்த மாமியார் மருமகளெல்லாம் என்னைக் கண்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

இசக்கிக்குப் பக்கத்துக் குடிசை பேச்சியக்கா வீடு. புருஷன், கல்யாணமான மூத்த மகன், அவன் பெண்டாட்டி, இளைய மகன் சுடலை என்று எல்லாருக்கும் ஒரே கூரை. உள்ளே போனால் மூணு அடுப்பு! ஒன்றில் குழம்பு கொதிக்கிறது. மற்ற ரெண்டிலும் சாம்பல் என்பதே கிடையாது, செம்மண் பூச்சு கையில் ஒட்டுகிறது. ஒன்று மூத்தவனுக்கு, சரி. மூணாவது யாருக்கு என்றேன். சுடலைக்காம். அவனுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகவில்லையே என்று பிடித்தேன். பேச்சியக்கா அசரவே இல்லை.

"நாளைக்கு ஒருத்தி வந்தா சண்டை வராமலா இருக்கும் டீச்சர்? அதான் முன்கூட்டியே பிரிஞ்சிட்டோம்."

இசக்கிக்கு அடுப்பு இல்லை

ஊரெல்லாம் அடுப்பு முளைத்த இடத்தில் இசக்கி வீட்டில் மட்டும் அடுப்பே இல்லை. பொய்க்குக்கூட ஒன்று இல்லை. புருஷன் இறந்த அன்றைக்குப் பேச்சியக்கா சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டாளாம். அன்றிலிருந்து இவள் அரிசியைக் கொண்டுபோய் அங்கே கொடுப்பாள், அங்கேயே சாப்பாடு. விதிப்படி பார்த்தால் இவள் பேச்சியக்கா குடும்பத்தில் சேர்த்தி. தனி வீடு கிடையாது. அடுத்தவர் பேரில் இருக்கிற வீட்டில் இவளும் மகளும் எத்தனை நாள் ஒண்டிக் கிடப்பார்கள்?

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஒரே ஒரு அடுப்பு போடுங்க இசக்கி, ஒரு நாள் பத்த வைங்க, போதும்" என்று கெஞ்சினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்றாய்ச் சாப்பிட்டவர்கள் தனி அடுப்பு போட்டால் உறவை அறுத்துக்கொண்டதாக அர்த்தம், அது விளையாட்டுக்குச் செய்கிற காரியம் இல்லை என்றாள். பேச்சியக்கா மூணு போட்டிருக்காவளே என்றேன். அது அவிய பெத்த பிள்ளைய, எப்பம் வேணும்னாலும் சேர்ந்துக்கிடுவாவ என்றாள்.

"நான் யாரு டீச்சர் அவியளுக்கு? அந்தச் சோத்தை வேண்டாம்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சண்டை

பொறுக்காமல் பேச்சியக்காளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்படியா சொன்னா, கிறுக்கச்சி!" என்றாள். அதோடு சரி, அம்மி அரைக்கப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுப்புகளைச் சரிபார்க்க இன்ஜினியரே வந்தார். எரிகிற அடுப்புதான் கணக்கு என்று கறாராகச் சொல்லியிருந்ததால் கரை முழுக்க ஒரே புகை. நாங்கள் இசக்கி வாசலுக்கு வந்ததுதான் தாமதம், பேச்சியக்கா முந்தியை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்தாள். "ஏட்டி இசக்கி! என் சோத்தைத் தின்னுட்டு ஊரெல்லாம் என்னையே குறை சொல்லுதியா? இன்னையோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. உன் உலையை நீயே வச்சுக்க! ஏலே சுடலை, அந்த அடுப்பைத் தூக்கி இவ மூஞ்சில போடுலே!" இன்ஜினியர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். சுடலை தன் அடுப்பைத் தூக்கி வந்து இசக்கி குடிசைக்குள் வைத்தான். பேச்சியக்காளின் மருமகள் ஓலையைத் திணித்துப் பற்றவைத்து, உலைப்பானையையும் ஏற்றிவிட்டுப் போனாள். அது நாடகம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இசக்கிக்கு உறைக்கவில்லை. "நான் என்னக்கா சொன்னேன்? யாரு என்ன சொன்னா?" என்று தேம்பித் தேம்பி அழுதாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பாவமுங்க, இது தனிக் குடும்பந்தானுங்க" என்று எழுதிக்கொண்டு இன்ஜினியர் அடுத்த குடிசைக்குப் போனார். அது பேச்சியக்கா வீடு. அங்கே இப்போது ரெண்டு அடுப்புதான். சுடலை பெயர் கணக்கில் ஏறவில்லை. அவர் சந்து முடுக்கைத் தாண்டுகிற வரைக்கும் பேச்சியக்கா வைதுகொண்டே இருந்தாள். பிறகு இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"ஏட்டி, அழுகையை நிப்பாட்டு. அந்த ஐயா போயாச்சு. சோறு ஆறுது, பிள்ளையக் கூட்டிட்டு வா."

யார் எந்த வீட்டில்

எத்தனையோ இழுபறிக்குப் பிறகு காலனி வந்தது. இன்ஜினியர் யாரிடமோ சண்டை போட்டு வளவு மாதிரியே கட்டிக் கொடுத்தார். நடுவில் முற்றம், இசக்கிக்கு எதிர்வீடு பேச்சியக்கா. ஐப்பசியில் அடைமழை பெய்தது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

ஒதுக்கியவர்கள்தான் குடியிருக்கிறார்களா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். இசக்கி வீட்டுக் கதவைத் தட்டினால் சுடலையும் அவன் புதுப்பெண்டாட்டியும் நிற்கிறார்கள்! வித்துட்டாளோ? விசாரித்தால், புதுசாகக் கல்யாணம் கட்டியவர்கள் தனியாய் இருக்கட்டும் என்று இசக்கியே வீட்டைக் கொடுத்திருக்கிறாள். இசக்கியும் மகளும் மூத்தவனுக்குக் கிடைத்த வீட்டில் படுக்கிறார்கள். மூத்தவனும் பெண்டாட்டியும் பேச்சியக்காளோடு. சாப்பாடு எல்லாருக்கும் பேச்சியக்கா அடுக்களையில். சுடலையின் அந்த மூணாவது அடுப்பில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "இதை நான் எப்படி எழுத?" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். பேச்சியக்கா எனக்கு இலை போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீங்க முந்தி எழுதின மாதிரியே எழுதிக்கிடுங்க டீச்சர். நாங்க எங்க வசதிக்கு இருந்துக்கிடுதோம்."

திட்டம் போட்டபடியே நிறைவேறியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரெண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டேன்.