ஆற்றுவாய் வெட்ட வந்த சட்டத்தரணி

அவருடைய குரலை முதன்முதலில் நான் கேட்டது நீதிமன்றத்தில். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சண்டை ஓய்ந்து நாங்கள் ஊர் திரும்பியபோது எங்கள் வயலை வேறொருவர் விதைத்திருந்தார். அவர் கையில் ஒரு காணி உறுதிப் பத்திரமும் இருந்தது. அப்பாவுக்காக வழக்குப் பேசிய சட்டத்தரணி அந்த ஆளைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் ஓம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். அந்த ஆள் விளக்கம் சொல்ல வாய் திறந்தபோதெல்லாம், "ஓமா இல்லையா?" என்று மெதுவாகத் தடுத்தார். கடைசியில் அந்த மனிதர் தன் பொய்யைத் தானே சொல்லி முடித்தார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. காணி எங்களுக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் லோயர் ஐயா. சாமி படங்களுக்குக் கீழே அவருடைய கலண்டர் தொங்கும்.

பிறகு அவர் பாராளுமன்றம் போனார். நான் தொழில்நுட்பம் படித்து, வாவியின் நீர்மட்டம் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

எங்கள் வாவி கடலோடு சேரும் இடத்தில் மணல் திட்டு ஒன்று உண்டு. கோடையில் அது தானாக மூடிக்கொள்ளும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது அதை வெட்டிவிட வேண்டும். ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். வயல்காரருக்கு முந்தி வெட்டினால் நல்லது. மீன்பிடிக்கிறவர்களுக்குப் பிந்தி வெட்டினால் நல்லது. முந்தி வெட்டினால் வளராத இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும். அதனால் இரண்டு பகுதியாரும் உட்கார்ந்து வாய்த்தர்க்கப்பட்டு, கடைசியில் ஒரு நாளுக்குச் சம்மதிப்பது வழக்கம்.

எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் என் மனம் அமைதியாகும். லோயர் ஐயாவின் கருத்துகளையும் அப்படி வரிசைப்படுத்தப் பார்த்தேன். விதைப்புக்கு முந்தி வயல்காரர் கூடும் வட்டைக் கூட்டத்தில், "வயலில தண்ணி பட்ட உடன ஆத்துவாய் வெட்டுப்படும், இது என்ட வாக்கு" என்றார். அதே கிழமை கடற்கரைப் பக்கம் வலைக்காரர் கூட்டத்தில், "உங்களக் கேக்காம அந்த மண்ணில ஒரு மம்பட்டியும் விழாது" என்றார். கொழும்பில் பேசும்போது வாவியின் சுற்றாடலைக் காப்பாற்றுவதே தன் வாழ்நாள் இலட்சியம் என்றார். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் அழகாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "அந்தந்த ஆக்களுக்கு அந்தந்த மாதிரித்தானே மகள் பேச ஏலும்" என்றார்.

அந்த மாரியில் மழை விடவே இல்லை. எங்கள் வட்டையில் வெள்ளாமை குடலைப் பருவத்தில் நின்றது; கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே இருந்தது. அந்த நேரத்தில் பயிர் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் உள்ளேயே அழுகிவிடும். வலைக்காரரும் நிலைமையைப் பார்த்து விட்டுக்கொடுத்தார்கள். வெட்டும் நேரத்தை எழுதிக் கொடுத்தது நான். குறித்த நாளில் காலையில் கடல் ஏறும், மத்தியானத்துக்குப் பிறகு இறங்கும். இறங்கும் நேரத்தில் வெட்டினால் வாவித் தண்ணீரே மணலை அரித்துக்கொண்டு வழியை அகலமாக்கிவிடும். ஏறும் நேரத்தில் வெட்டினால் அலை மணலைக் கொண்டுவந்து போட்டு மூடிவிடும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயந்தான் இது.

ஆனால் லோயர் ஐயாவுக்கு அன்று இரவு கொழும்பில் ஒரு கூட்டம் இருந்தது. கோயிலில் கேட்டுக் காலையிலேயே ஒரு சுபநேரம் எடுத்துவிட்டார்கள். நாங்கள் போனபோது மணல் வெட்ட வந்த பெக்கோ இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தது. தேங்காய் உடைத்தார்கள். கமராக்காரர் வலமும் இடமும் ஓடினார். நான் அவருடைய செயலாளரிடம், "மத்தியானம் வரைக்கும் பொறுக்க ஏலாதா?" என்று கேட்டேன். "லைவ் போகுது தங்கச்சி, கொஞ்சம் அங்கால நில்லுங்க" என்றார் அவர்.

வெட்டினார்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் பளபளவென்று ஓடியது. காணொளியில் அந்த ஓட்டந்தான் இருக்கிறது. ஐயா கைகூப்பிவிட்டு வாகனம் ஏறினார். பின்னேரத்துக்குள் கடல் அந்த வழியை மூடிவிட்டது. பெக்கோவையும் கொண்டுபோய்விட்டார்கள்.

ஐயா கொழும்பிலிருந்து திரும்பியதும் அவசரக் கூட்டம் கூடியது. அவரே தலைமை. வயல்காரர் ஒரு பக்கம், வலைக்காரர் ஒரு பக்கம்; அப்பா கடைசி வரிசையில் இருந்தார். திரும்ப வெட்டுவதற்கு அன்றே அனுமதி கிடைத்தால் பயிர் தப்பும். கேட்க வேண்டியது அது ஒன்றுதான். அதைக் கேட்க எழும்பினேன்.

"இரிங்க தங்கச்சி, முதல்ல ஒரு விசயம்," என்றார். "ஆத்துவாய் வெட்டச் சொல்லி அறிக்கை தந்தது நீங்கதானே?"

"ஓம் ஐயா. ஆனா அதில நேரம்..."

"ஓமா இல்லையா?"

"ஓம்."

"வெட்டினது மூடிச்சா இல்லையா?"

"மூடிச்சு. கடல் ஏறக்க வெட்டினா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மகள். மூடிச்சு. அப்ப உத்தியோகத்தர்மார்ர வேலையில எங்கயோ பிழை இரிக்கி. நான் சொல்லல்ல, அவவே சொல்றா."

வலைக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர், "ஐயா, கடலுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிருக்கலாம், காலையில வராத எண்டு!" என்றார். சபை சிரித்தது. எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தவர் லோயர் ஐயாதான். "அண்ணன்ட பகிடிக்கு ஒரு கேஸ் போடணும்" என்று விரலை ஆட்டினார். சிரிப்பு அடங்கியதும், உத்தியோகத்தரின் அலட்சியம் பற்றி விசாரணை நடக்கும், அது முடிந்த பிறகுதான் திரும்ப வெட்டுவது பற்றி முடிவெடுக்கப்படும் என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பாட்டில் மயிர் கிடந்ததைப் பார்த்தது போலிருந்தது. நான் கை தட்ட ஆசைப்பட்ட அதே குரல், அதே நிறுத்தம், அதே மெதுவான "ஓமா இல்லையா". அன்று பொய்யை வெளியே எடுக்கப் பாவித்த கத்தியை இன்று தன்னைச் சுற்றிப் போடும் வேலிக்குக் கம்பு வெட்டப் பாவித்தார். கத்தியில் ஒரு மாற்றமும் இல்லை.

அனுமதி இல்லாமல் கடற்கரையில் கை வைத்தால் பொலிஸ் வரும். காத்திருந்தோம். தண்ணீர் வரம்புக்கு மேலே நின்றது. இதற்கிடையில் அவர் பாராளுமன்றத்தில் பேசியதை அப்பா என் போனில் பார்த்தார். "என் மக்களின் வியர்வை, பொறுப்பற்ற சில உத்தியோகத்தர்களின் கவனயீனத்தால் நீருக்குள் கிடக்கிறது" என்று மேசையில் தட்டினார் ஐயா.

"எவ்வளவு வடிவாப் பேசுறார் பாத்தியா?" என்றார் அப்பா.

"அது என்னைத்தான் சொல்றாரப்பா."

அப்பா காணொளியைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். "உன்ட பேரச் சொல்லல்லியே மகள்."

அம்மா அடுப்படியிலிருந்து, "பேரும் ஊரும் சொல்லி, படமும் போட்டாத்தான் உங்களுக்கு விளங்கும்" என்றார். அப்பா போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

கடைசியில் அனுமதி வந்தது. கடல் இறங்கும் நேரம் பார்த்து வெட்டினார்கள்; மாலையும் இல்லை, கமராவும் இல்லை. ஒரே இரவில் வாவி வடிந்தது. வயலில் எஞ்சியது நாற்றம் மட்டுந்தான். தாளை உரித்தால் உள்ளே கதிர் கறுத்துக் குழைந்திருந்தது. வட்டை முழுக்க அதே கோலம்.

பாதிப்பைப் பார்வையிட லோயர் ஐயா வந்தார். வரம்பில் நடக்கும்போது மூக்கில் கைக்குட்டை. கமரா உயரும்போது கைக்குட்டை சட்டைப்பைக்குள் போகும். "அண்ணன், ஒரு பிடி பிடுங்கிக் கையில வெச்சிட்டு நில்லுங்க" என்றார் அப்பாவிடம். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பிடுங்கினார்.

"தங்கச்சி, நீங்களும் வாங்க."

நான் போகவில்லை. வரம்பில் நின்றபடியே, கமரா ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "மத்தியானம் வெட்டச் சொல்லி எழுதித் தந்தன். நீங்க காலையில வெட்டினீங்க. இந்த வெள்ளாமை செத்தது அதாலதான்."

அவர் முகம் மாறவில்லை. "பிள்ளைக்கு மனவருத்தம், பாவம்" என்றார். பிறகு கமராக்காரரிடம், "தம்பி, இதப் போட்டிராதீங்க" என்றார். அந்தத் தம்பி தலையாட்டிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. முகத்துக்குப் பக்கத்தில."

அப்பா தூக்கினார். அழுகின தண்ணீர் அவருடைய முழங்கை வழியே வடிந்தது. அதற்குள் லோயர் ஐயாவின் கை அப்பாவின் தோளில் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"நீ சொன்னது சரிதான் மகள். ஆனா அவருக்கு முன்னால சொல்லியிருக்கப்படாது."